சிஞ்ஞோராவிடம் மட்டும் சொன்ன இரகசியம்

இத்தாலியில் யார் என்ன கேட்டாலும் "ஸீ, ஸீ" என்று ஆமாம் போட்டுத் தலையாட்டுவது என் பழக்கம். விசா புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் வரிசையில் நின்று பழகியது. ஒருமுறை மீன்காரன் ஏதோ கேட்க அப்படி ஆட்டிவிட்டு, ஒரு வாள்மீன் தலையை வாளோடு பஸ்ஸில் சீசாவில் இருக்கும் வீடுவரை கொண்டுவந்திருக்கிறேன்.

மனைவியின் இரண்டாவது கர்ப்பத்துக்கு ஸ்கேன் எடுக்கப் போனபோதும் இதேதான் நடந்தது. என்ன பிள்ளை என்று சொல்லட்டுமா என்று டாக்டர் அம்மா கேட்டார். மனைவி வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னாள். நான் பின்னாலிருந்து "ஸீ, ஸீ" என்றேன். டாக்டர் இரண்டு பேரையும் திருப்திப்படுத்த நினைத்தாரோ என்னவோ, அவள் வயிற்றைத் துடைக்கிற நேரம் பார்த்து என் காதுக்குள் சொல்லிவிட்டார். பெண் பிள்ளை.

மனைவி வேண்டாம் என்றதற்குக் காரணம் இருந்தது. மூத்தவள் பெண் என்று ஸ்கேனில் தெரிந்த அன்று, யாழ்ப்பாணத்திலிருந்து என் அம்மா போனில் "பரவாயில்லை" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார், அதுதான் இன்னும் மோசம். பிள்ளை பிறக்கும்வரை அந்த ஆறுதல் தினமும் வந்துகொண்டிருந்தது.

"இந்த முறை பிறக்க முந்தியே என்ரை பிள்ளைக்கு ஒருத்தரும் பரவாயில்லை சொல்லக்கூடாது. பிறந்தாப் பிறகு அதின்ரை முகத்தைப் பாத்துச் சொல்லட்டும், பாப்பம்," என்றாள் மனைவி.

ஆகவே நான் வாயைத் திறக்க முடியாது. அவளுக்கு வயிறு வளர, எனக்கு இரகசியம் வளர்ந்தது. அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. சந்தையில் ரோஸ் காலுறையையும் நீலக் காலுறையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் கண்ணையே பார்ப்பாள். நான் வானத்தைப் பார்ப்பேன். அப்படிப் பார்த்துக்கொண்டு நடந்து ஒருநாள் கத்தரிக்காய்ப் பெட்டிக்குள் விழுந்தேன். பஸ்ஸில் முன்பின் தெரியாத பெண்களெல்லாம் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, கூராக இருக்கிறது, ஆண்தான் என்று தீர்ப்புச் சொன்னார்கள். சாரதியும் திரும்பிப் பார்த்து ஒத்துக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இஞ்சேருங்கோ, ஏன் சிரிச்சனீங்கள்?"

"சும்மா."

யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. லிபெர்த்தா தெருவில் நான் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளும் கிழவியை மரியாதையாகச் சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன், அவருக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. சிசிலியனைத் தவிர வேறு மொழி பேசமாட்டார், இத்தாலியனே அவருக்கு அந்நியம். அவருக்கு விளங்காது என்ற தைரியத்தில் நான் பல வருடங்களாக நாள் முழுக்கத் தமிழில்தான் அவரோடு கதைப்பேன். அவருக்குப் பக்கத்தில் நின்றுதான் கூட்டாளிகளோடு போனிலும் சண்டை பிடிப்பேன். டிவியில் அரசியல்வாதி வந்து உளறினால் "விசர்க்கதை கதையாதை!" என்று கத்துவேன். சிஞ்ஞோரா என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் அவருக்கு நகம் வெட்டும்போது சொல்லிவிட்டேன். மனைவியின் வயிற்றைக் கையால் வரைந்து காட்டி, "பெட்டைப் பிள்ளை. எனக்குப் பெட்டைதான் வேணுமெண்டு இருந்தது," என்றேன். சொன்னதும் சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். அவர் என் தலையைத் தடவினார். எத்தனை நிம்மதி!

அடுத்த கிழமை மனைவி வேலை முடிந்து வரும் வழியில் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். அந்த நேரத்தில்தான் அம்மாவும் தினமும் போன் எடுப்பார். கையில் கோப்பை கழுவிய ஈரம், அன்றும் அவர் எடுக்க, போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன். சிஞ்ஞோரா மனைவியைக் கண்டதும் கதிரையிலிருந்து எழும்பி, அவள் வயிற்றில் இரண்டு கையையும் வைத்து, வீடு அதிரக் கத்தினார்.

"பெட்டை! பெட்டை!"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் போனைப் பார்த்தேன். போன் பெருமூச்சு விட்டது.

"பெட்டையோ மோனை... பரவாயில்லை."

மனைவியின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. சிஞ்ஞோரா அவள் முகத்தைப் பார்த்தார், போனைப் பார்த்தார். பிறகு மேசையில் கைத்தடியால் ஓங்கி அடித்து, யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் பிறந்தவர்போல ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார்:

"விசர்க்கதை கதையாதை!"

அம்மாவை அப்படி அதட்ட ஊரில் இப்போது யாரும் உயிரோடு இல்லை.

"ஆர் மோனை அது?" அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "எந்த ஊர்ப் பெரியம்மா? கோவிச்சுப்போட்டாவே? நான் கதைச்சது பிழையோ?"

வாழ்க்கை முழுக்க எல்லோருக்கும் ஆமாம் போட்டவன் நான். ஒருமுறையாவது அதைச் சரியான கேள்விக்குப் போடக் கிடைத்தது.

"ஓம் அம்மா, பிழைதான்," என்றேன். "எனக்குப் பெட்டைதான் வேணுமெண்டு இருந்தது."

மனைவி தான் கொண்டுவந்த சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, எனக்கென்று பொரித்த மீன் துண்டுகளில் பெரியதை எடுத்துச் சிஞ்ஞோராவின் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, மற்றதை எனக்கு வைத்தாள்.