எக்ஸ்ரே வண்டி கிரஷாம்

அந்த நாட்களில் எங்கள் ஏரிக்கரை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கலாம். எடுத்த படத்தைப் பார்த்துச் சொல்லத்தான் ஆள் கிடையாது. படங்கள் தலைநகர் லிலோங்வேக்குப் போக வேண்டும். கொண்டுபோனவர் டிரைவர் கிரஷாம் சிங்வாலு. வியாழக்கிழமை விடிந்ததும் தகரப்பெட்டியோடு கிளம்பி, அங்கே எக்ஸ்ரே பார்க்கும் டாக்டரம்மா நம்போயாவிடம் புதுப் படங்களைக் கொடுத்துவிட்டு, போன வாரத்துப் படங்களின் முடிவோடு மாலையில் திரும்புவார்.

நான் அங்கே நர்ஸாகச் சேர்ந்த புதிதில் வியாழன் மாலை என்றால் திருவிழாதான். வாசல் மாமரத்தடியில் கூட்டம் சேர்ந்துவிடும். மரவள்ளிக்கிழங்கு வறுத்து விற்கிறவள் இரண்டாவது அடுப்பையும் மூட்டுவாள். வேன் வளைவில் திரும்பும்போதே கிரஷாம் விடாமல் ஹாரன் அடிப்பார். ஒருத்திக்குச் சோப்பு, இன்னொருத்தருக்குச் செருப்பு, வழியிலுள்ள சலீமா ஊர்ச் சந்தையில் யாரோ சொல்லியனுப்பிய கல்யாணச் சேதி, எல்லாம் இறங்கும். முடிவுகள் ஒட்டிய உறைக்குள் இருக்கும், அவருக்கும் தெரியாது. ஆனாலும் ஜனங்கள் அவர் முகத்தையே பார்ப்பார்கள்.

"என் மூஞ்சில என்னம்மா எழுதியிருக்கு? ரோட்டுப் புழுதிதான் இருக்கு" என்பார்.

சில உறைகளை வாங்க யாரும் வரமாட்டார்கள். காத்திருந்த வாரத்துக்குள்ளேயே நோயாளி போய்ச் சேர்ந்திருப்பார். அதையும் நான் மறந்துவிடக் கூடாது.

பிறகு செயற்கை நுண்ணறிவு வந்தது. நெஞ்சுப் படத்தைக் கம்ப்யூட்டரே பார்த்து, காசநோய் இருக்கும் என்று சந்தேகப்படும் இடத்தைச் சிவப்பாகக் காட்டுமாம். எங்கள் ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டர் கம்வெண்டோ, இளவயசுக்காரர், எல்லாரையும் கூட்டி விளக்கினார். மிஷின் ஆயுசைக் கணக்குப் பார்த்துச் சொல்லிவிடும் என்று ஊருக்குள் பேச்சு; ஒருத்தரும் முன்னால் வரவில்லை.

கிரஷாம் சட்டையைக் கழற்றினார். "தள்ளுங்க. என் பொழப்புல மண்ணைப் போட வந்தது யாருன்னு நானும் பாத்துக்கறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். படம் திரையில் வந்தது. வலது நுரையீரலின் மேல் ஓரம் சிவந்தது. சிரிப்பு நின்றது.

"பாத்தியா, வந்த அன்னிக்கே எம்மேல கோவம் இதுக்கு!" என்றார் கிரஷாம்.

"அண்ணே, கொஞ்ச நாளாவே இருமிக்கிட்டுத்தான இருக்கீங்க" என்றேன் நான்.

"அது புழுதிம்மா."

கம்வெண்டோ அவர் தோளைத் தொட்டார். "இங்கிருந்தே கம்ப்யூட்டர்ல நம்போயா டாக்டருக்கு அனுப்பிடறேன் அண்ணே. உடனே பாத்துச் சொல்லிடுவாங்க."

"வேணாம் டாக்டர். பிலிமாப் போட்டுக் குடுங்க. ஊர்ல எல்லார் நெஞ்சையும் நான்தான கொண்டுபோனேன்? என்னோடதையும் நானே கொண்டுபோறேன்."

அவரைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை. முகக்கவசம் கட்டி, வேன் கண்ணாடிகளையெல்லாம் இறக்கிவிட்டு நானும் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் பாடுகிற மனிதர் அன்று தகரப்பெட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

நம்போயா டாக்டர் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். "யாரோடது?"

"எங்க ஊர் ஆள் ஒருத்தர். புது மிஷின் சந்தேகப்படுது" என்றார் கிரஷாம்.

கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "எலும்புக்குப் பின்னால லேசா ஒரு நிழல் இருக்கு. அசதியா இருந்தா நானே விட்டிருப்பேன். மிஷின் சரியாத்தான் காட்டியிருக்கு. ஆரம்பந்தான், பயமில்ல. ஆனா அந்தாளைச் சீக்கிரமா சளிப் பரிசோதனைக்குக் கூட்டிட்டு வரணும்."

"கூட்டிட்டுத்தான் வந்திருக்கேன் டாக்டரம்மா" என்றார் கிரஷாம்.

டாக்டரம்மாவின் கண்ணாடி நெற்றியிலிருந்து இறங்கியது. வருஷக்கணக்கில் வாராவாரம் பார்த்த முகத்தை அப்போதுதான் பார்ப்பதுபோலப் பார்த்தார். "இத்தனை பேர் படத்தைக் கொண்டாந்தீங்களே... உங்களை ஒரு நாளும் நான் நிறுத்தி விசாரிக்கலையேய்யா" என்றார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரைத் தேற்ற வேண்டியவராகிவிட்டார் கிரஷாம்.

சளிப் பரிசோதனையும் அதையே சொன்னது. ஆறு மாசம் மாத்திரை. அவர் மனைவி எனலெசி நின்ற இடத்தில் நின்று விழுங்க வைப்பாள், பின்னாலேயே மக்காச்சோள மாவில் கிண்டிய சீமாக் களியும் பீன்ஸும் வரும். மாத்திரை சிறுநீரைச் சிவக்க வைக்கும். "ஒண்ணுக்குப் போனாக்கூட அந்த மிஷின் செவப்புக் காட்டுதுடி" என்று அவர் கத்துவது அடுத்த வீட்டில், சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும் எனக்குக் கேட்கும்.

தேறி வந்தபோது வியாழக்கிழமைப் பயணம் நின்றுபோயிருந்தது. இப்போது சட்டைப் பொத்தானைப் போடுவதற்குள் முடிவு வந்துவிடுகிறது. குழப்பமான படங்கள் மட்டும் நம்போயா டாக்டருக்குப் போகும். ஒருமுறை ஆறிப்போன பழைய தழும்பை மிஷின் நோய் என்று காட்ட, அவர்தான் திருத்தினார். அந்தக் காத்திருப்பு திரும்பி வர வேண்டுமென்று நான் சொல்லமாட்டேன். மாமரத்தடிக் கூட்டத்தை நினைத்தால் மட்டும் நெஞ்சு என்னவோ செய்கிறது.

கிரஷாம் கொஞ்ச காலம் நின்ற வண்டியையே கழுவிக்கொண்டிருந்தார். அப்புறம் புதுச் சிக்கல் வந்தது. சிவப்பைப் பார்த்துப் பயந்து சிலர் வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். "கூட்டிட்டு வர முடியுமா அண்ணே?" என்று கம்வெண்டோ கேட்டார்.

முதலில் போனது ஒரு மீனவரைத் தேடி. ஆஸ்பத்திரி வேனைக் கண்டதும் அவர் படகைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

"எவ்வளவு தூரம் போவ? மீனைப் புடிச்சிட்டு இங்கதான வரணும்!" கரையில் நின்று கத்தினார் கிரஷாம். "எனக்கும் இதே வியாதிதாண்டா இருந்துச்சு தம்பி! பாரு, ஏரிக்கு அந்தப் பக்கம் கேக்குற மாதிரி கத்துறேன்!"

மணலில் உட்கார்ந்து அந்த வீட்டுப் பெண்களோடு மீன் உலர்த்தினார். வெயில் தாழ்ந்தபோது படகு திரும்பியது. மீனவர் இறங்கி, வலையைக்கூட மடிக்காமல், வேனின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.