இடக்கைக்காரனின் முடிச்சு

டொரோஹோய் என்ற எங்கள் ஊரில் தொப்பி தைத்த ஃபைவிஷை நல்ல மனிதர் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. கைவேலை சுத்தம், வாய் சுத்தமில்லை. பிடிவாதம் வேறு. ஆனால் மூன்று வருடம் ஒரு பொருளைப் பயன்படுத்தாமலே அவர் வைத்திருந்ததைப் ஜெபக்கூடத்தில் பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்தவன், பள்ளி வாத்தியாரான நான். அதை மட்டும் எழுதுகிறேன்.

நாற்பத்தொன்றில், போர்க்காலத்தில், யூதர்களான எங்களை ரயிலில் ஏற்றி ஆற்றுக்கு அப்பாலிருந்த முகாம்களுக்கு அனுப்பினார்கள். பிழைத்தவர்கள் இரண்டு குளிர்காலம் கழித்துத் திரும்பினோம். ஃபைவிஷ் மனைவியை அங்கேயே புதைத்துவிட்டுத் தனியாக வந்தார். காலை ஜெபத்தில் தலையிலும் கையிலும் கட்டிக்கொள்ளும் அவருடைய தெஃபிலினை ஒரு காவலாளி அடுப்பில் போட்டிருந்தான். புதிதாக எழுதித் தர ஊரில் ஆள் மிச்சமில்லை. ஆனால் ரயில் நிலையத்தில் நாங்கள் விட்டுப்போன சாமான்களை யாரோ ஜெபக்கூடத்தின் பின்னறையில் குவித்து வைத்திருந்தார்கள். ஊழியர் கெட்ஸல் அதிலிருந்து ஒரு வெல்வெட் பையை எடுத்து ஃபைவிஷிடம் நீட்டினார். பையில் பெயரில்லை. உள்ளே இரண்டு கறுப்புத் தோல் பெட்டிகள், நீண்ட வார்கள். வசனங்கள் எழுதிய தோல்சுருளை உள்ளே வைத்துத் தைத்த பெட்டிகள். ஒன்று தலைக்கு, ஒன்று இதயத்தைப் பார்த்தபடி கைக்கு.

மறுநாள் காலை ஃபைவிஷ் தலைவாரை மாட்டியதும் பெட்டி சரிந்து மூக்குத்தண்டில் உட்கார்ந்தது.

"என்னய்யா, மூக்குக்கண்ணாடியா அது?" என்றார் கெட்ஸல்.

ஃபைவிஷ் சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து வாரின் வளையத்தை அளந்தார். "அறுபத்திரண்டு சென்டிமீட்டர். இந்த ஊர்ல அறுபத்திரண்டுக்கு நான் நாலு தொப்பிகூடத் தச்சதில்ல." கைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "முடிச்சு மறுபக்கம் இருக்கு. இடக்கைக்காரன். நம்மள மாதிரி இடது கையில இல்ல, வலது கையில கட்டறவன்."

"கொடு, அவுத்து உன் அளவுக்குப் போட்டுத் தர்றேன். அஞ்சு நிமிஷ வேலை."

"அவன் வந்து கேட்டா?"

"வரமாட்டான்யா."

"நீ பாத்தியா? சாட்சி இருக்கா?"

கெட்ஸல் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். அவருடைய மகளே அப்படித்தான் இருந்தாள். புருஷன் செத்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று ஒருவராவது சொல்லாதவரை எங்கள் சட்டப்படி அவள் இன்னொருவனைக் கட்ட முடியாது.

வாரை விரலில் சுற்றும்போது நாங்கள் ஒரு வாக்கியம் சொல்வோம்: "என்றென்றைக்கும் உன்னை எனக்கு நிச்சயம் செய்துகொள்வேன்." தீர்க்கதரிசியின் ஏட்டில் அது கடவுள் தன் ஜனத்திடம் சொல்வது. அதையே மனிதன் தன் விரலைக் கட்டிக்கொண்டு சொல்கிறான். கட்டுவது யார், கட்டுப்படுவது யார் என்று நான் வெகுநாள் யோசித்தும் தெளிவு கிடைக்கவில்லை. ஃபைவிஷுக்கு அந்தக் குழப்பம் இல்லை.

"அடுத்தவன் வாரைச் சுத்திக்கிட்டு நான் அதைச் சொல்லணுமா வாத்தியாரே? அவன் இருக்கானா போனானான்னு தெரியாம அவன் பொண்டாட்டி விரல்ல மோதிரம் போடற மாதிரி இருக்கு."

ஆகவே தினமும் கெட்ஸல் ஜெபித்து முடிக்கும்வரை காத்திருந்து, அவர் சம்மதித்துக் கொடுத்த அவருடைய தெஃபிலினை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டார். வெல்வெட் பை எங்கள் இருவருக்கும் நடுவே இருக்கையில் கிடந்தது. ஜெபத்தின் நடுவில் ஃபைவிஷ் கொஞ்சம் நகர்ந்து அதற்கு இடம் விடுவார். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. சில மாதங்களில் நானும் நகரத் தொடங்கியிருந்தேன்.

"அவன் தலை எனக்குத் தெரியும், முகம்தான் தெரியல," என்றார் ஒருநாள். "கனவுல தொப்பி போட்டுப் பார்க்க வர்றான். தொப்பிக்குக் கீழ ஒண்ணுமில்ல."

நாற்பத்தேழு வசந்தத்தில் என் தொப்பியின் உள்துணியை மாற்றக் கடைக்குப் போயிருந்தேன். உயரமான ஒருவர் உள்ளே வந்து புதுத் தொப்பி கேட்டார். ஃபைவிஷ் அவர் தலையைச் சுற்றி நாடாவை வைத்தார். கை நின்றது. இன்னொருமுறை அளந்தார். பிறகு பென்சிலை நீட்டி, "பேரை எழுதுங்க," என்றார்.

வந்தவர் இடது கையால் எழுதினார்: ஷுலெம் ராபினர். முன்பு இந்த ஊர். இப்போது யாஷி நகரத்தில் ஒரு மரக்கிடங்கில் கணக்குப்பிள்ளை.

ஃபைவிஷ் தினமும் கூடவே கொண்டுபோய்வரும் வெல்வெட் பையை உள்ளிருந்து எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். "ஸ்டேஷன்ல விட்டுட்டுப் போயிட்டீங்க."

ஷுலெம் அதைத் தொடவில்லை. "விடல. வச்சுட்டுப் போனேன். எங்க அப்பாவை அடிச்சு வண்டியில ஏத்தினதைப் பாத்துட்டு, பெஞ்சு மேல வச்சுட்டுத்தான் ஏறினேன்."

"மூணு வருஷமா உங்களுக்காக வச்சிருக்கேன்."

"யாரு வைக்கச் சொன்னா? அதைக் கட்டினவன் திரும்பி வரலன்னு நினைச்சுக்குங்க."

"எப்படி நினைக்கிறது? நீங்கதான் எதிர்ல நிக்கறீங்களே." ஃபைவிஷ் பையை அவர் பக்கம் தள்ளினார். "எனக்குக் கட்டிக்கணும்யா. நீங்க விட்டாத்தான் நான் கட்ட முடியும். ரெண்டு பேர் முன்னாடி சொல்லிடுங்க. வாத்தியார் இருக்கார், கெட்ஸலைக் கூப்பிடறேன்."

"என்ன, விவாகரத்தா?" ஷுலெம் சிரித்தார். ஃபைவிஷ் அதற்குள் கெட்ஸலைக் கூட்டிவர ஆளனுப்பிவிட்டார்.

கெட்ஸல் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். ஷுலெம் எங்களைப் பார்க்காமல், "எனக்கு வேணாம். அவருக்கே," என்றார்.

"முடிச்சையும் நீங்களே அவுத்துடுங்க," என்றார் ஃபைவிஷ்.

ஷுலெம் உட்கார்ந்து அவிழ்த்தார்; நேரம் பிடித்தது. தோல் இறுகிப்போயிருந்தது. பிடரியில் உட்காரும் தலைவாரின் முடிச்சு கடைசியில் நெகிழ்ந்தபோது, ஷுலெமின் இடது கை தானாகத் தன் பிடரிக்குப் போய், பாதியில் நின்றது. எழுந்து, தொப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மாலையே கெட்ஸல் ஃபைவிஷின் தலை அளவான ஐம்பத்தாறுக்கு முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். மறுநாள் காலை ஃபைவிஷ் இடது கையில் ஏழு சுற்றுச் சுற்றி, விரலில் மூன்று சுற்றி, அந்த வாக்கியத்தை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

மதியம் கடைப்பக்கம் போனேன். சட்டைக்கையை மடித்துவிட்டு முன்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு சுற்றும் சிவப்பாகப் பதிந்திருந்தன. ஒரு மணி நேரத்தில் மறைய வேண்டிய தடங்கள் அவை.

"இவ்வளவு இறுக்கமா நான் சுத்தலியே, வாத்தியாரே."

"தோல் பழசு," என்றேன்.

"இல்ல. யாரோ பிடிச்ச மாதிரி இருக்கு."

மறுநாள் காலையும் ஜெபக்கூடத்துக்கு வந்தார். சட்டைக்கையை ஏற்றி, இன்னும் மறையாத அந்தத் தடங்களின் மேலேயே சுற்றத் தொடங்கினார்.