எந்த லேத் என்று கேட்கும் எடிட்டர்

எங்கள் ஓசூர் பட்டறையில், புரோகிராம் கொடுத்தால் தானே இரும்பைக் கடையும் இரண்டு சி.என்.சி. லேத்துகள். பழையதை ஓட்டுபவன் நான். இரண்டுக்கும் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதித் தருபவள் கிருபாராணி. டிப்ளமோ படித்தவள், தொரப்பள்ளியிலிருந்து சைக்கிளில் வருவாள்.

1996இல் புது லேத் வந்ததும், புரோகிராம் எழுத அவளே கம்ப்யூட்டரில் ஓர் எடிட்டர் செய்தாள். தப்பான வரியை அது சிவப்பாகக் காட்டும். இரண்டு லேத்துக்கும் மொழி ஒன்றுதான், வெர்ஷன்தான் வேறு. எடிட்டருக்குப் புதியது மட்டுமே தெரியும். என் லேத்துக்கு எழுதிய நல்ல வரிகளும் சிவப்பாயின. அதை நம்பி அவள் திருத்த, அந்தப் புது வெர்ஷன் புரியாமல் என் லேத் அசையாமல் நின்றுவிட்டது.

"சனிக்கிழமைக்குள்ள ஓடலன்னா பழசைக் காயலான் கடைக்குப் போட்டுடுவேன்" என்றார் முதலாளி. அது போனால் எனக்கும் அங்கே வேலை இல்லை.

கிருபாராணி யோசித்துவிட்டுச் சிரித்தாள். "பாய், நீங்க லாரிக்காரர்கிட்ட கன்னடம், வாட்ச்மேன்கிட்ட தெலுங்கு, என்கிட்ட தமிழ். ஆளைப் பாத்துட்டுத்தானே வாயைத் தொறக்கறீங்க? இந்த எடிட்டருக்கு அது தெரியல."

"அப்ப அதையும் ஓசூர்க்காரனா ஆக்கிடும்மா."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தேன். கிருபாராணி எடிட்டரைத் திறந்ததும் 'எந்த லேத்?' என்று அது கேட்டது. பழையது என்று தட்டினாள். ஒரு வரிகூடச் சிவக்கவில்லை. லேத் சுழன்றது, முதல் பீஸ் அளவு பிசகாமல் வந்தது.

"ஸ்தோத்திரம்!" என்றாள் அவள். "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன் நான்.

முதலாளி பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவங்கவங்க சாமிக்கு நன்றி சொல்லிட்டீங்க. எனக்கு ஒரு டீயாவது சொல்லுங்கப்பா!"