மார்சியாவின் காரில் முன் சீற்

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் யோகராணிக்குப் பராமரிப்பு வேலை. அங்கே சாப்பாட்டறையில் தமிழ் ஆட்களுக்கென்று ஒரு மேசை உண்டு. மற்றவர்களுக்கு விளங்காது என்ற துணிவில் எதையும் கதைப்பார்கள். இன்று காலையும் கூட வேலைசெய்யும் அகஸ்ரின், "உந்தக் கறுவலுகள் எல்லாம் வேலைக்கள்ளர்" என்றான். யோகராணி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். திரும்பினால் மைக்ரோவேவுக்குப் பக்கத்தில் மார்சியா!

மார்சியா கறுப்பினத்தவள், ஜமேக்காக்காரி; அவளுக்கும் இங்கேதான் வேலை. யோகராணியின் புருஷன் செத்த பிறகு அவளைக் காரில் ஏற்றி இறக்குகிறவள். அந்த முன் சீற்றில் இருந்து இருவரும் கதைக்காத கதையில்லை. தமிழ்க் கிழவிகளைக் குளிப்பாட்டிப் பழகி, "அன்ரி, சாப்பிட்டீங்களோ?" என்று கேட்கிறவளுக்குக் கறுப்பு ஆட்களை இழிக்கும் அந்தச் சொல் மட்டும் விளங்காமலா போகும்?

இரண்டு வருடத்துக்கு முன்பு இங்கே இனவாதத்தைப் பற்றி மனம்விட்டுப் பேசும் பயிற்சி நடந்தது. யோகராணி அழுது, மார்சியாவைக் கட்டிப்பிடித்து, இனி என் முன்னால் எவரையும் இழிவாகப் பேச விடமாட்டேன் என்றிருந்தாள். அந்தப் பயிற்சியின் பலன் நிலைத்ததா என்று பார்க்க இன்று மத்தியானம் ஒரு பெண் வந்தாள். எல்லோரையும் வட்டமாக இருத்தி, என்ன மாறியிருக்கிறது என்று கேட்டாள். ஆளாளுக்குப் பூசி மெழுகினார்கள். நாங்கள் ஒரே குடும்பம் என்றான் அகஸ்ரின். அட பாவி, கூச்சமே இல்லையா?

யோகராணியின் முறை வந்தது. எதிரே மார்சியா கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் தமிழ் மேசை போய்விடும், சொல்லாவிட்டால் மார்சியா போய்விடுவாள்.

"இங்கிலிசில் மாறிவிட்டோம்," என்றாள். "தமிழில் மாறவில்லை. இன்று காலையும் கறுப்பு ஆட்களைப் பழித்தோம். நானும் சிரித்தேன்."

"அக்கா, உங்களுக்கென்ன விசரே?" அகஸ்ரின் தமிழில் சீறினான்.

வேலை முடிந்து போகும்போது தமிழ் ஆட்கள் ஒருவரும் யோகராணியின் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே பனி கொட்டியது. மார்சியாவின் கார் நின்றிருந்தது. அப்பாடா, விட்டுவிட்டுப் போகவில்லை! யோகராணிக்கு அழுகை முட்டியது. ஓடிப்போய் முன் கதவை இழுத்தாள். பூட்டியிருந்தது.

மார்சியா கண்ணாடியை இறக்கினாள்.

"அந்தச் சொல் எனக்கு எப்போதோ தெரியும். நீ சிரிப்பாய் என்றுதான் தெரியாது," என்று பின் கதவின் பூட்டைத் திறந்துவிட்டாள். "இன்றைக்குப் பின்னால் இரு."

யோகராணி பின்னால் ஏறி இருந்தாள்.