பதிவேட்டில் நான் எழுதிய சாதி

நல்லது செய்கிறோம் என்ற திமிர் அப்போது எனக்கு நிறையவே இருந்தது. மலையடிவாரப் பள்ளியில் டீச்சர் வேலை. மலையிலிருந்து கீழே காலனிக்கு இறக்கிவிடப்பட்ட பளியர் பழங்குடிகளில் ஒருவர், தன் மகனை முதன்முதலாகக் கூட்டிவந்து சேர்த்தார். பளியன் என்று எழுதினால் மற்ற பிள்ளைகள் அவன் பக்கத்தில் உட்காரமாட்டார்கள் என்று, சேர்க்கைப் பதிவேட்டில் என் சாதியை எழுதினேன். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரிய தானம் செய்த மாதிரி வீட்டில் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

போன வருஷம் அதே பையன், தலை நரைக்கத் தொடங்கிய ஆளாக, அல்லிநகரத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். நின்றார் என்றுதான் எழுத வேண்டும். பழக்கம் போகமாட்டேன் என்கிறது.

"மக பன்னெண்டு முடிச்சிட்டா டீச்சர். நர்சிங் சேரணும். பழங்குடிச் சான்று இருந்தாத்தான் சீட்டு. 'உங்கப்பன் டி.சி.யில வேற சாதியில்ல இருக்கு'ன்னு அவளத் திருப்பி அனுப்பிட்டாக."

மறுநாளே அவரோடும் அவர் மகளோடும் சான்று கொடுக்கும் ஆபீசுக்குப் போய், தப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதிகாரி எனக்கு மட்டும் நாற்காலி போடச் சொன்னார். நான் உட்கார்ந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நின்றுகொண்டிருந்த பெண்ணிடம், "பளியருங்கிறியே, தேன் எடுக்கத் தெரியுமா? கிழங்கு எங்கன கிடைக்கும், சொல்லு" என்றார். காலனியில் பிறந்து பஸ் ஏறிப் படித்த பிள்ளை. தலையைக் குனிந்துகொண்டது. என் சாதியை நிரூபிக்க என்னை எவரும் ஏர் ஓட்டச் சொன்னதில்லை. அங்கேயே அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

விசாரணை, மறுவிசாரணை என்று இழுத்தடித்து, சான்று கைக்கு வந்தபோது சேர்க்கை முடிந்துவிட்டது. அந்தப் பெண் இப்போது மேகமலைக்கு ஏலக்காய் எடுக்க ஜீப்பில் போகிறாள்.

மன்னிப்புக் கேட்கக் காலனிக்குப் போனேன். அவர் பாய் விரித்தார். நான் அழுதேன், அவர் அழவில்லை.

"டி.சி. வாங்குனப்பவே எங்களுக்குத் தெரியும் டீச்சர். படிச்சவுக எழுதுனத நாம எப்படிக் கேக்கன்னு எங்கய்யா விட்டுட்டாரு. ஆனா சாகுற வரைக்கும் ஒண்ணு சொல்லுவாரு. நம்ம பேர எழுத அந்தம்மாவுக்கு அம்புட்டுக் கூச்சமான்னு."

உன் நல்லதுக்குத்தான் எழுதினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். இத்தனை வருஷமாக அந்தப் பொய்யை நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

"ஆமாப்பா, கூச்சந்தான்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். உள்ளே அவர் மகள், மறுநாள் வேலைக்குக் கொண்டுபோக வேண்டிய தூக்குவாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.