மரம் அரிந்த வீடு

எங்கள் ஊருக்குச் சரித்திரம் உண்டு. தேவாலயத்துக்கு முன்னால் ஒரு பித்தளைப் பலகையில் அதை வெட்டி வைத்திருக்கிறார்கள். ரோமர் வந்தார்கள், போனார்கள். நெப்போலியனின் படை வந்தது, குதிரைகளுக்குத் தீனி போட்டுவிட்டுப் போனது. அமெரிக்கர் டாங்கியில் வந்தார்கள், அவர்களும் போனார்கள். இத்தனை பேர் வந்தும் ஒருவரும் தங்கவில்லை என்பதில் ஊருக்கு ஒரு பெருமை.

நாங்கள் தங்கினோம். ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் மூன்றாம் மாடியில் இருந்தவர்களுக்கு, ரைன் நதிக்கு மேற்கே இந்தச் சமவெளியில் தோட்டத்தோடு வீடு மலிவாகக் கிடைத்தது. ஏன் மலிவு என்பது குடிவந்த பிறகு விளங்கியது. எந்தப் பக்கம் பார்த்தாலும் சீனி எடுக்கும் பீட்றூட் வயல். பேருக்கும் ஒரு மேடு கிடையாது. பக்கத்து ஊரில் ஒருவர் நாயோடு நடந்தால் சமைத்துக்கொண்டே எங்கள் குசினியிலிருந்து பார்க்கலாம். பேக்கரியைப் பூட்டிவிட்டார்கள். பஸ் பள்ளிக்கூட நாட்களில் மட்டும் ஓடும். ஓயாமல் இயங்குவது யன்னல் திரைகள்தான். நாம் றோட்டில் இறங்கினால் ஒவ்வொன்றாக அசையும். திரும்பிப் பார்த்தால் நின்றுவிடும்.

எதிர்வீட்டுப் பெண்மணி இங்கேயே பிறந்தவர். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அவருடைய தாய் தகப்பன் கிழக்கேயிருந்து கைவண்டியோடு வந்தார்களாம். "எங்கள் வீட்டை இன்னும் அகதி வீடு என்றுதான் சொல்வார்கள்" என்றார், நாங்கள் வந்த முதல் நாளே, கேக் தட்டை நீட்டியபடி. ஆறுதல் சொன்னாரா, எச்சரித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எனக்குப் பயம் மகளைப் பற்றித்தான். பதின்மூன்று வயதில் கொண்டுவந்து இந்த வெளியில் நட்டோம். நாலு வருடமாக ஒரு பிறந்தநாளுக்குக்கூட அவளை யாரும் கூப்பிடவில்லை. இந்த வசந்தத்தில்தான் முதல் முறையாக, மே பிறக்கும் இரவு நடனத்துக்கு அழைப்பு வந்தது. தோழி வீட்டில் படுத்துவிட்டுக் காலையில் வருவதாகச் சொன்னாள். ஓம் என்று சொல்லிவிட்டு நான் நித்திரை கொள்ளவில்லை.

விடிந்ததும் மேல்மாடித் திரையை விலக்கினேன். எங்கள் வாசல் படலையோடு ஒரு இளம் பேர்ச் மரத்தை யாரோ நிமிர்த்திக் கட்டியிருந்தார்கள். கொப்பு முழுக்க வெள்ளைக் கடதாசிக் கீலங்கள் ஆடிக்கொண்டிருந்தன.

மன்னாரில் பிறந்த ஒருவனுக்கு, வாசலில் பச்சையைக் கட்டி வெள்ளை தொங்கவிட்டால் ஒரே அர்த்தம்தான். செத்தவீடு. மகள் வீட்டில் இல்லை. அழைத்தால் தொலைபேசி எடுக்கவில்லை. ஜெர்மன்காரர் செத்தவீட்டுக்கு மரம் கட்டுவார்களா, கட்டினாலும் பெற்றோருக்குச் சொல்லாமலா கட்டுவார்கள் என்று யோசிக்கிற மூளை அந்த நேரம் என்னிடம் இல்லை. மனைவி படியிலேயே இருந்துவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, அதை முதல்ல கழட்டுங்கோ. பிள்ளை வர முதல் கழட்டுங்கோ."

கம்பி முடிச்சு அவிழவில்லை. மரம் அரியும் வாளை எடுத்து வந்து இடுப்பளவில் அரிந்தேன். மரம் றோட்டில் சாய்ந்த பிறகுதான் அதன் முன்பக்கத்தில் சிவப்பு இருதயப் பலகை ஒன்றைக் கண்டேன். அதில் மகளின் பெயர்.

எதிர்வீட்டுப் பெண்மணி வீட்டு அங்கியோடு வந்து நின்றார். "பையன்கள் தங்களுக்குப் பிடித்த பெண்ணின் வாசலில் கட்டும் மரம் இது. மே முழுக்க நிற்க வேண்டும். பொறாமை பிடித்த பையன்கள் வெட்டுவது உண்டு. தகப்பன் வெட்டி நான் பார்த்ததில்லை." திரும்பிப் போகும்போது, "எனக்கு ஒருத்தரும் கட்டவில்லை" என்றார்.

மகள் சைக்கிளில் வந்தாள். மரத்தைப் பார்த்தாள், வாளைப் பார்த்தாள்.

"ஆர் வெட்டினது?"

"நான்தான். செத்தவீடு எண்டு நினைச்சிட்டன்."

"ஆற்ற செத்தவீடு?"

"உன்ர."

"உயிரோடதான் இருக்கிறன் அப்பா. இனித்தான் சாகப்போறன், வெக்கத்தில. நாலு வரியத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் ஒருத்தன் என்னைப் பாத்தவன். அதையும் நீங்கள் அரிஞ்சு போட்டியள்."

உள்ளே போய்க் கதவைப் பூட்டினாள்.

மரத்தைத் திரும்ப நிமிர்த்திக் கட்டினேன். மேல்மாடி யன்னல் உயரத்துக்கு இருந்த மரம் இப்போது அதற்குக் கீழேயே நின்றது. ஊர் பார்க்க வந்தது. நாலு வருடமாக வணக்கம் சொல்லாதவர்கள் நாயோடு வந்து நின்று, என்ன வாள், எங்கே வாங்கியது என்று அக்கறையாக விசாரித்தார்கள். எங்கள் வீட்டுக்கு மரம் அரிந்த வீடு என்று பெயர் வைத்தாயிற்று என்று எதிர்வீட்டுப் பெண்மணி அறிவித்தார். குரலில் லேசான பொறாமை இருந்தது.

மகள் என்னோடு பேசவில்லை. நான் தினமும் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினேன். "வேர் இல்லாத மரமப்பா" என்றாள் மனைவி. ஊற்றுவதை நிறுத்தவில்லை.

மே முடிய, மரம் கட்டிய பையன் உழவு இயந்திரத்தோடு மரத்தை எடுக்க வந்தான். வழக்கப்படி பெண்ணின் தகப்பன் ஒரு பெட்டி பியர் கொடுக்க வேண்டுமாம். நான் இரண்டு வைத்திருந்தேன். மனைவி றோல்ஸ் பொரித்திருந்தாள். அவன் குட்டை மரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அடுத்த முறை தடித்த மரமாகக் கொண்டு வருகிறேன்" என்றான்.

பின்னால் மகள் சிரித்தது கேட்டது. "அப்பா, நீங்கள் உள்ளுக்குப் போங்கோ" என்றாள். மரம் அரிந்த நாளுக்குப் பிறகு அவள் எனக்குச் சொன்ன முதல் வசனம்.

போனேன். திரைக்குப் பின்னால் நின்று கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். அவள் திரும்பியதும் விட்டுவிட்டேன்.