மழைக்கு முன் ஆறு பலாப்பழங்கள்

2025 மே 18, ஞாயிற்றுக்கிழமை. மட்டாஞ்சேரியில் மூன்றாவது நாள். வழக்கம்போல 5.30க்கு எழுந்து, அரை மணி நேரம் நடந்து, பால் சேர்க்காத கட்டன் சாயா குடித்து, நேற்றைய செலவைக் குறித்து முடித்தேன். தங்கியிருப்பது ஜமீலாவின் வீட்டு மாடி அறையில். அவருடையது தாத்தா காலத்திலேயே பாலக்காட்டிலிருந்து கொச்சிக்கு வந்த தமிழ்க் குடும்பம்.

8.10க்கு அவருடன் காய்கறி வாங்கப் போனேன். மதுரையில் எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியைத் திறந்தால் இது எந்த மாதம் என்று சொல்ல முடியாது. எப்போதும் கேரட், பீன்ஸ், காலிஃபிளவர். இங்கே நடைபாதை முழுவதும் மாம்பழமும் பலாவும் சாம்பக்காயும்தான். மே மாதம் என்று மூக்கே சொல்லிவிடும்.

தெருமுனையில் செல்வியின் கடை. பண்ருட்டிக்காரி, கடை போட்டு நான்கு நாள். வெட்டிய பலாவின் முன்னால் கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள்.

“ஏமாந்துட்டேன்க்கா. ஆலுவா சந்தையில எந்தலையில கட்டிட்டான். ஆறும் ஒரே மரத்துக் கூழன். தொட்டா வழியுது. எங்க ஊர்ல இத மாட்டுக்குத்தான் போடுவோம்.”

காக்கநாட்டில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவும் வேலையை விட்டுவிட்டு வந்தவள் அவள். இன்று மாலைக்குள் கேட்டால் திரும்பச் சேர்த்துக்கொள்வதாக அங்கே சொல்லியிருந்தார்களாம். போனைக் கையில் எடுத்தாள்.

“அத கீழ வை மோளே!” என்றார் ஜமீலா. “மாட்டுக்கா? உங்க ஊரு மாட்டுக்கு வந்த யோகத்தைப் பாரு! கெட்டிச் சுளை வரிக்கை சும்மா தின்னக் கொள்ளாம், நல்லாருக்கும். வெல்லம் போட்டுக் கிளறி வரட்ட இதுதான் வேணும். மழை எறங்கிட்டா சுளையில தண்ணி ஏறிரும். ஒரு வாரமா கூழனைத் தேடி நடக்கேன்.”

“சும்மா ஆறுதலுக்குச் சொல்றீங்க.”

“நீ நிறுத்துத் தா. ஆறுதல் அப்புறம்.”

ஒன்பது கிலோவில் ஒரு முழுப் பழம், கிலோ இருபத்தைந்து ரூபாய். வீட்டில் கொட்டை நீக்கி, மசித்து, வெல்லமும் நெய்யும் சேர்த்து உருளியில் இரண்டரை மணி நேரம் கிளறினோம். என் முறை இருபது நிமிடம். இன்னும் தோள் வலிக்கிறது. கிளறிக்கொண்டே ஜமீலா செல்வி கடையில் கூழன் இருக்கிறது என்று தெருவிலுள்ள நான்கு வீடுகளுக்குப் போன் செய்துவிட்டார்.

2.30க்குக் கிண்ணத்தில் வரட்டியதை எடுத்துக்கொண்டு நான் மட்டும் போனேன். கடையில் வெட்டிய பழம் தவிர இரண்டுதான் மிச்சம். செல்வி ஒரு கரண்டி வாயில் போட்டு, உடனே இன்னொரு கரண்டி எடுத்தாள்.

“இதப் போய் மாட்டுக்குப் போட்டிருக்கமே சார்!”

பிறகு ஹோட்டலுக்குப் போன் செய்தாள். “சேட்டா, நான் வரல. கடையில ஆளு நிக்குது.” நான் ஒருவன்தான் நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் நடைக்குப் போகவில்லை. 6.40க்கு முதல் வேலையாகத் தெருமுனைக்குப் போனேன். செல்வி ஆட்டோவிலிருந்து பழங்களை இறக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, அமுங்கியவற்றை முன்வரிசையில் வைத்தாள்.